சர்க்கரைவள்ளியும் சரக்கொன்றையும்: தழைத்தும் பலன் தராவிட்டால் எங்கே பிழை?

கிழங்குக்கு ஒரு கொடி, கண்ணுக்கு ஒரு மரம் என்று வீட்டுத் தோட்டத்தில் இடம் ஒதுக்குபவர்களுக்குச் சர்க்கரைவள்ளியும் சரக்கொன்றையும் நல்ல இணை. இரண்டும் நம் ஊர் வெயிலைத் தாங்கும். வடிகால் உள்ள செம்மண் இரண்டுக்கும் பிடிக்கும். இரண்டும் அதிகம் கேட்காதவை. பிழையும் அங்கேதான் தொடங்குகிறது. வாடிவிடுமோ என்ற பயத்தில் தினமும் தண்ணீர், சீக்கிரம் வளரட்டும் என்ற ஆசையில் எருவுக்கு மேல் எரு. கடைசியில் கொடி காடாகப் படர்கிறது, தோண்டினால் கிழங்கு இல்லை. மரம் குடையாக விரிகிறது, சித்திரை வந்தும் ஒரு சரம் தொங்கவில்லை.

கொடியில் செய்த தப்பு நாலு மாதத்தில் தெரிந்துவிடும், அடுத்த பட்டத்தில் (நடவுப் பருவத்தில்) திருத்திக்கொள்ளலாம். மரத்தில் செய்த தப்பு தெரிய ஐந்தாறு வருடம் ஆகும். ஆகவே மரத்தைப் பற்றிய பகுதிகளை நடுவதற்கு முன்பே படித்துவிடுங்கள். கொடியைப் பற்றியவற்றை நட்ட பிறகு படித்தாலும் பாதகமில்லை.

கொடி காடாக இருக்கிறது, கிழங்கு இல்லை

சர்க்கரைவள்ளியில் (தெற்கே சீனிக்கிழங்கு, ஈழத்தில் வற்றாளை) அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். காரணம் ஒன்றாக இருப்பது அபூர்வம். கீழே உள்ள வரிசையில் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலில் தழைச்சத்து (நைட்ரஜன்). பாத்தியில் போன வருடம் கீரையோ கத்தரியோ போட்டு நிறைய எரு கொடுத்திருந்தால், அந்த மிச்சமே இந்தக் கொடிக்குப் போதும். அதற்கு மேல் யூரியாவோ, புதுச் சாணமோ, கோழி எருவோ சேர்த்தால் செடி இலையிலேயே நின்றுவிடும். இலை கரும்பச்சையாகவும் உள்ளங்கையைவிடப் பெரிதாகவும், தண்டு பென்சில் கனத்துக்கு மேலும் இருந்தால் இதுதான் காரணம் என்று நம்பலாம். இந்தப் பருவத்தில் தழைச்சத்தைத் திரும்ப எடுக்க முடியாது. தண்ணீரைக் குறைத்துச் சாம்பல் சத்து (பொட்டாஷ்) கொடுத்தால் ஓரளவு மீட்கலாம். அடுத்த முறைக்கு 10 அடிக்கு 4 அடி பாத்திக்கான கணக்கு இது: நன்றாக மக்கிய தொழு உரம் 10 கிலோ, மூரியேட் ஆஃப் பொட்டாஷ் 40 கிராம். பொட்டாஷில் பாதியை அடியுரமாகவும் மீதியை நட்ட 30-35ஆம் நாள் தூரைச் சுற்றி மண் அணைக்கும்போதும் போடுங்கள். ரசாயன உரம் வேண்டாம் என்பவர்கள் விறகுச் சாம்பலை இரண்டு கை அள்ளி, அதே இரண்டு தவணையாகத் தூவலாம். மக்கிய எரு போட்ட பாத்திக்கு யூரியா தேவையே இல்லை.

இரண்டாவது, மண்ணின் இறுக்கம். கிழங்காகப் பருப்பதா, வெறும் வேராக நீள்வதா என்பது நட்ட முதல் ஐந்தாறு வாரத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அந்த நாட்களில் வேருக்குக் காற்று வேண்டும். களிமண்ணில் சமதளப் பாத்தி போட்டு அதில் தண்ணீர் கட்டினால், வேர் நூலாகவோ பென்சிலாகவோ நின்றுவிடும், பிறகு எத்தனை நாள் விட்டாலும் பருக்காது. ஆகவே பார் பிடிப்பது, அதாவது மண்ணை நீள மேடாகக் கூட்டுவது, கட்டாயம். பார் ஒரு அடி உயரம், பாருக்குப் பார் 2 அடி, பாரில் கொடிக்குக் கொடி 20 செ.மீ. என்று வைத்தால், மேலே சொன்ன பாத்தியில் 2 பார் வரும், 30 கொடித்துண்டுகள் நடலாம். நன்றாக வந்தால் 7 முதல் 9 கிலோ கிழங்கு கிடைக்கும். அதற்கு மேல் வந்தால் மண் மிக நல்ல மண்.

மூன்றாவது, கணு வேர். படரும் கொடி மண்ணைத் தொடும் இடமெல்லாம் வேர் விடும். அந்த வேர்களில் சுண்டுவிரல் அளவுக் கிழங்குகள் கட்டி, தாய்த்தூரின் பங்கைப் பிடுங்கிக்கொள்ளும். நட்ட ஒரு மாதத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடியைக் கையால் தூக்கி, பக்கத்துப் பாரின் மேல் புரட்டிப் போடுங்கள். அறுக்க வேண்டாம், தூக்கினாலே வேர் விடுபடும்.

நான்காவது, நிழல். ஒரு நாளில் 6 மணி நேரத்துக்குக் குறைவாக நேர்வெயில் விழும் இடத்தில் இலை வரும், கிழங்கு வராது. மரத்தடியில் வைத்துவிட்டுக் கிழங்கு வரவில்லை என்று வருந்துபவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஐந்தாவது, கீரைக்காக நுனி கிள்ளுவது. சர்க்கரைவள்ளி இலை நல்ல கீரைதான். வாரம் ஒருமுறை கொஞ்சம் கிள்ளினால் ஒன்றும் ஆகாது. பாத்தி முழுக்க மொட்டையடித்தால் கிழங்கை மறந்துவிட வேண்டியதுதான். இரண்டும் வேண்டுமென்றால் பாத்தியின் ஓரத்தில் நான்கு செடியைக் கீரைக்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. கிளிப்பச்சை, கருஊதா இலையோடு தொட்டிகளில் தொங்கவிட விற்கிறார்களே, அந்த அழகுக் கொடியும் இதே இனம்தான். இலைக்காகத் தேர்ந்தெடுத்து வளர்த்த வகை அது. அதில் வரும் கிழங்கு தின்னத் தக்கதுதான் என்றாலும் சுவை இருக்காது. கிழங்கு வேண்டுமென்றால் கோ 3, கோ 34, ஸ்ரீ அருண், ஸ்ரீ பத்ரா போன்ற பயிர் வகைகளின் கொடியைக் கேட்டு வாங்குங்கள். ஸ்ரீ வகைகள் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டவை.

கொன்றை தழைக்கிறது, பூக்கவில்லை

வயதை முதலில் கேளுங்கள். விதையிலிருந்து வந்த சரக்கொன்றை பூக்க நாலைந்து வருடம் ஆகும், சில மரங்கள் எட்டு வருடம்கூட எடுத்துக்கொள்ளும். விதைக்கன்று ஒன்றுபோல் ஒன்று இருக்காது. பக்கத்து வீட்டு மரம் மூன்றாம் வருடமே பூத்ததென்று உங்கள் மரத்தைக் குறை சொல்ல வேண்டாம்.

வயது ஆகிவிட்டது, தண்டும் தொடை கனம் இருக்கிறது, இன்னும் பூக்கவில்லை என்றால், தை முதல் பங்குனி வரை அந்த மரத்தடியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சரக்கொன்றை பின்பனியில் இலையை உதிர்த்து, வறட்சியில் கொஞ்ச காலம் சும்மா நின்று, அந்த மொட்டைக் கிளைகளின் கணுக்களிலிருந்து சரம் சரமாகத் தொங்கவிடும் மரம். அந்தத் தாகம் அதற்கு வேண்டும். புல்தரைக்குத் தெளிக்கும் நீரோ, அடுப்படிக் கழிவு நீரோ, பக்கத்துப் பாத்திக்குக் கட்டும் நீரோ அதன் வேருக்குத் தினமும் கிடைத்தால் மரம் இலையை உதிர்க்காது, உதிர்த்தாலும் உடனே புது இலை விட்டுவிடும். பூ நாலு சரத்தோடு நின்றுபோகும். மரம் நன்றாக ஊன்றிய பிறகு (நட்டு இரண்டு கோடை கழிந்தால் போதும்) தை பிறந்ததும் நீரை நிறுத்திவிடுங்கள். இலை வெளிறித் தொங்கினாலும் மனம் இளகக் கூடாது.

எருவுக்கும் அதே கதைதான். ஊன்றிய கொன்றைக்கு எருவே வேண்டாம். இங்கே ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. கொன்றை அவரைக் குடும்பத்து மரம், வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும், மண்ணை வளமாக்கும் என்பார்கள். அந்தக் குடும்பத்தில் எல்லாமும் அப்படியல்ல. சரக்கொன்றையின் வேரில் முடிச்சு கட்டுவதில்லை. அதன் அடியில் வைத்த செடிக்கு அது எதையும் கொடுக்காது, மண்ணில் உள்ளதைப் பங்கு கேட்கும், அவ்வளவுதான்.

அடுத்தது கத்தரிப்பு. பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது மரத்தையும் ஒழுங்குபடுத்துவது பலருக்கு வழக்கம். கொன்றைக்கு அது கெட்ட நேரம். பூக்கப் போகும் முற்றிய கிளைகளே வெட்டுப்படும். கத்தரிப்பதானால் பூ முடிந்தவுடன், ஆனி-ஆடியில். ஒரு வருடத்தில் மொத்தக் கிளையில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. மின்கம்பிக்குக் கீழே நின்று வருடா வருடம் தலை வெட்டப்படும் மரம் பூப்பதும் கஷ்டம்தான். அது இடத்தின் பிழை.

வெயிலும் ஒரு காரணம். மாடி வீட்டின் வடக்கே, மாமரத்தின் பக்கத்தில் நிற்கும் கொன்றை வெளிச்சம் தேடி நெட்டையாகப் போகும், உச்சியில் மட்டும் நாலு பூ காட்டும். இதற்கு மருந்து கிடையாது.

பூக்காத மரத்தில் ஆணி அடிப்பது, பட்டையைச் சுற்றிக் கீறுவது போன்ற வைத்தியங்கள் வேண்டவே வேண்டாம். சில சமயம் அடுத்த வருடம் பூக்கும். அதே காயத்தில் பூஞ்சை ஏறி அதற்கடுத்த வருடங்களில் கிளை காயும்.

கார்காலத்தில் சில கொன்றைகள் இரண்டாம் முறை கொஞ்சம் பூக்கும். நோய் என்று பயப்பட வேண்டாம். முல்லைத்திணைப் பாடல்களில் கொன்றை கார்காலத்துப் பூவாகத்தான் வருகிறது.

இலை மஞ்சளாகிறது

ஒரே அறிகுறி, ஆனால் கொடிக்கும் மரத்துக்கும் ஒரே பதில் இல்லை. எந்த இலை, எந்த மாதம் என்ற இரண்டு கேள்வியில் பாதி விடை கிடைத்துவிடும்.

கொடியில், நட்டு 100 நாள் கழிந்து அடியிலைகள் மஞ்சளானால் அது முதிர்ச்சி, மகிழ்ச்சியாக அறுவடைக்குத் தயாராகுங்கள். 40ஆம் நாளிலேயே செடி முழுக்க வெளிர்ந்தால் மண்ணைத் தோண்டிப் பாருங்கள். விரலிடுக்கில் பிசைந்தால் ஒட்டும் அளவுக்கு ஈரமாக இருந்தால் நீர் தேங்குகிறது, வாய்க்காலை ஆழப்படுத்தி வடிய விடுங்கள். ஈரம் சரியாக இருந்தும் வெளிர்ந்தால் சத்துக் குறைவு. பாத்திக்கு இரண்டு கூடை மண்புழு உரம் போதும். அடியிலைகளில் ஊதா விளிம்போடு வெளிர் புள்ளிகள், நரம்பை ஒட்டி இறகு போன்ற வெளிர் கோடுகள் தெரிந்தால் அது நச்சுயிரி. அதற்கு மருந்தில்லை. அசுவினி அதைப் பரப்பும். அந்தக் கொடியிலிருந்து அடுத்த பட்டத்துக்கு விதைத்தண்டு எடுக்காதீர்கள். ஒரே கொடியையே நாலைந்து வருடம் திரும்பத் திரும்ப நட்டு வருபவர்களுக்கு விளைச்சல் படிப்படியாகக் குறைவது பெரும்பாலும் இதனால்தான்.

கொன்றையில், தை-மாசியில் மஞ்சளாகி உதிர்ந்தால் ஒன்றும் செய்யக் கூடாது. மழைக்காலத்தில் மஞ்சளானால் வேரில் நீர் நிற்கிறது. புது இலை மட்டும் வெளிர்ந்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்து ஏறவில்லை. புது வீடுகளில் இது நிறைய வரும். கட்டட வேலையில் மிஞ்சிய சிமென்ட், சுண்ணாம்பு, செங்கல் தூளெல்லாம் மரக்குழி இருக்கும் மூலையில்தான் புதைந்திருக்கும், மண் காரமாகிவிடும். மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) உப்பைக் கரைத்து, அதில் அரை மூடி எலுமிச்சை பிழிந்து, மாலையில் இலை நனையத் தெளியுங்கள். 15 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை செய்தால் புது இலை பச்சையாகும். அது தற்காலிகம். இடிபாட்டைத் தோண்டி எடுத்து, அந்த இடத்தில் செம்மண்ணும் மக்கிய இலையும் நிரப்பினால்தான் நிரந்தரமாகத் தீரும்.

இலையைக் காணோம்

கொன்றையில் ஒரே வாரத்தில் தளிரெல்லாம் போய் நடு நரம்பு மட்டும் நிற்கும். பச்சைப் புழுக்கள், பக்கவாட்டில் ஒரு வெளிர் கோடு. கொன்றை வெள்ளையன் என்ற வண்ணத்துப்பூச்சியின் பிள்ளைகள் அவை. மருந்தடிக்காதீர்கள். மரம் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி தழைக்கும். புழுவைத் தின்னக் குருவி வரும், மிஞ்சியது வெளிர்மஞ்சள் சிறகோடு பறக்கும். அழகுக்கென்று வைத்த மரத்தில் அதுவும் ஒரு அழகுதான். முழங்கால் உயரக் கன்றாக இருந்தால் மட்டும் கையால் பொறுக்கி எடுங்கள், ஏனென்றால் அதற்கு மிச்சச் சேமிப்பு கிடையாது.

சர்க்கரைவள்ளி இலையில் வட்ட வட்டமாகச் சிறு ஓட்டை இருந்தால் ஆமை வண்டு. இலை ஓரத்திலிருந்து பெரிதாகக் கடித்திருந்து, கீழே கரும் உருண்டை எச்சம் கிடந்தால் பின்பக்கம் கொம்பு வைத்த பெரிய புழு. இரண்டும் கிழங்கைத் தொடுவதில்லை. கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டால் போதும்.

கிழங்கில் துளை, கசப்பு, ஒரு மாதிரி வாடை

இதில் மட்டும் பொறுமை காட்டக் கூடாது. சர்க்கரைவள்ளிக் கூன்வண்டு வந்துவிட்டது என்று அர்த்தம். பார்க்க எறும்பு போல, அரை செ.மீ. நீளம், தலையும் இறக்கையும் கருநீலம், நடுப்பகுதியும் காலும் செம்மை. வெள்ளைப் புழு கிழங்குக்குள் சுரங்கம் போடும். கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ள ஒரு கசப்புப் பொருளைச் சுரக்கும். அதனால் துளைபட்ட பகுதியை மட்டும் சீவிவிட்டு மிச்சத்தை வேகவைத்தாலும் கசக்கும். அந்தக் கிழங்கை நீங்களும் தின்ன வேண்டாம், மாட்டுக்கும் போடாதீர்கள். கெட்ட சர்க்கரைவள்ளியில் உண்டாகும் பொருள் கால்நடையின் நுரையீரலைத் தாக்கும்.

வண்டு மண்ணைத் தோண்டிப் போகாது. வெடிப்பு வழியாகத்தான் கிழங்கை அடைகிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கிழங்கு பருக்கும்போது பாரில் வெடிப்பு விழும், காய்ந்தால் இன்னும் விரியும். நட்ட 2 வாரத்திலும் 5 வாரத்திலும் களை எடுத்து மண் அணைப்பது வழக்கம். அதற்குப் பிறகும் வெடிப்பு தெரிந்தால் உடனே மண்ணால் மூடுங்கள். வைக்கோலோ காய்ந்த சருகோ பாரின் மேல் இரண்டு அங்குலம் பரப்பினால் வெடிப்பதே குறையும்.

50ஆம் நாளிலிருந்து 80ஆம் நாள் வரை, 10 நாளுக்கு ஒருமுறை, 100 கிராம் கிழங்குத் துண்டுகளைப் பாத்தி ஓரத்தில் வையுங்கள். வண்டு அதில் கூடும், மறுநாள் காலையில் துண்டோடு எடுத்துச் சோப்பு நீரில் போடுங்கள். கூன்வண்டுக்கென்றே இனக்கவர்ச்சிப் பொறி (பெண் வண்டின் வாசனையால் ஆண் வண்டை இழுத்துப் பிடிப்பது) கிடைக்கிறது. வீட்டுத் தோட்டத்துக்கு ஒன்று போதும். வேலியில் நெய்வேலிக் காட்டாமணக்கு நின்றால் அகற்றிவிடுங்கள், அது சர்க்கரைவள்ளியின் உறவுக்காரச் செடி, வண்டுக்கு அதுவும் தங்குமிடம். அறுவடை முடிந்ததும் மிச்சக் கொடி, துண்டுக் கிழங்கு எதையும் பாத்தியில் விடக் கூடாது. துளைபட்டதைக் குப்பைக்குழியில் போட்டால் வண்டு அங்கே பிழைக்கும், எரித்துவிடுங்கள். அதே பாத்தியில் அடுத்த பட்டம் வெண்டையோ தட்டைப்பயறோ போடுங்கள். மறுபடி சர்க்கரைவள்ளி வேண்டாம்.

விதைத்தண்டையும் கவனியுங்கள். வண்டு முட்டை பெரும்பாலும் தூர்ப்பகுதியில் இருக்கும். அதனால் நுனியிலிருந்து 20-25 செ.மீ. மட்டும், 3-4 கணு இருக்கும்படி வெட்டுங்கள். வெட்டியதை இலையோடு இரண்டு நாள் நிழலில் வைத்தால் கணுவில் வேர் முனை வரும், நட்டவுடன் பிடிக்கும்.

கிழங்கு வெடிப்பு, கோணல், இனிப்பின்மை

நீளவாக்கில் வெடித்த கிழங்கு, காய்ச்சலும் பாய்ச்சலும் மாறி மாறி வந்ததன் அடையாளம். முதல் 10 நாள் இரண்டு நாளுக்கு ஒரு தண்ணீர், பிறகு மழை இல்லாவிட்டால் 7-10 நாளுக்கு ஒன்று என்று ஒரே சீராக விடுங்கள். அறுவடைக்கு 3 வாரம் முன் நிறுத்தி, 2 நாள் முன் லேசாக ஒரு தண்ணீர் காட்டினால் கிழங்கு முறியாமல் வரும். கோணலாக, விரல் விரலாகப் பிரிந்தால் மண்ணில் கல், அல்லது மக்காத எரு.

இனிப்பு இல்லை என்று சொல்பவர்களில் பாதிப்பேர் தோண்டிய அன்றே வேகவைத்தவர்கள். தோண்டிய கிழங்கைக் கழுவாமல், காற்றோட்டமான நிழலில் ஈரச்சாக்கு மூடி 5-7 நாள் வையுங்கள். தோலில் பட்ட காயம் ஆறும், மாவுச்சத்தில் ஒரு பங்கு சர்க்கரையாகும். குளிர்பெட்டியில் வைக்கவே கூடாது. 12 டிகிரிக்குக் கீழே போனால் உள்ளே கட்டிதட்டும், பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் குழையாது. வேகவைப்பதிலும் சூட்சுமம் உண்டு. குக்கரில் மூன்று விசில் விடுவதைவிட, இட்லிப் பானையில் மெதுவாக ஆவி காட்டினால் இனிப்பு கூடும், ஏனென்றால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் பொருளுக்கு அந்த இளஞ்சூட்டில் வேலை செய்ய நேரம் கிடைக்கிறது.

முதிர்ந்ததா என்று தெரியாமல் தோண்டிவிடாதீர்கள். 110ஆம் நாள் ஒரு கிழங்கை எடுத்துக் குறுக்கே வெட்டி ஐந்து நிமிடம் விடுங்கள். வெட்டிய முகம் வெண்மையாகக் காய்ந்தால் முற்றியது. கரும்பச்சையாக மாறினால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.

கொன்றைத் தண்டில் சக்கைத்தூள், கிளை காய்தல்

பட்டையின் மேல் மரத்தூளும் எச்சமும் நூலால் பின்னிய நாடா போல ஒட்டியிருந்தால் பட்டை தின்னும் புழு. பகலில் கிளைக் கவட்டுப் பொந்துக்குள் இருக்கும், இரவில் வெளியே வந்து பட்டையைத் தின்னும். நாடாவைத் துடைத்தெடுத்தால் துளை தெரியும். சைக்கிள் கம்பியை உள்ளே விட்டுக் குத்துங்கள், மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சை அடைத்துக் களிமண் பூசிவிடுங்கள். ஒரு வாரத்தில் புதுத்தூள் வந்தால் திரும்பச் செய்ய வேண்டும்.

தூள் இல்லாமல் கிளை காய்ந்தால் தரைமட்டத்தில் தண்டைப் பாருங்கள். புல்வெட்டும் இயந்திரம் பட்டையைச் சுற்றிச் சீவியிருக்கலாம். கன்றுக்குக் காவலாகக் கட்டிய கயிறோ கம்பியோ தண்டு பெருத்த பிறகு கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கலாம். அவிழ்க்க மறந்த கயிறு பல மரங்களைக் கொன்றிருக்கிறது. தண்டை ஒட்டி எருவைக் குவித்தாலும் பட்டை அழுகும். ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தேன், இரண்டும் கெட்டது

வைத்தது தப்பில்லை, காலத்தைப் பார்க்காததுதான் தப்பு. கன்றாக இருக்கும் கொன்றைக்கு முதல் இரண்டு கோடையும் வாரம் ஒரு தண்ணீர் வேண்டும், நிழலும் அப்போது பெரிதாக விழாது. அந்த இரண்டு வருடம் சர்க்கரைவள்ளியைச் சுற்றிலும் தாராளமாகப் போடலாம், மண்ணை மூடிக் களையையும் அடக்கும். கன்றைச் சுற்றி 3 அடி வட்டத்தை மட்டும் காலியாக விடுங்கள். கிழங்கு தோண்டும் கடப்பாரை அதற்குள் போனால் வேர் அறுபடும். கொடி தண்டில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வருடத்திலிருந்து கணக்கு மாறுகிறது. மரம் தாகத்தோடு நிற்க வேண்டிய தை-பங்குனியில் கொடிக்குத் தண்ணீர் கட்டினால் மரத்தின் பூ போகும். அப்போது பாத்தியை மரத்தின் குடை ஓரத்திலிருந்து குறைந்தது 6 அடி வெளியே, வெயில் விழும் பக்கமாக நகர்த்துங்கள். பட்டத்தையும் மாற்றுங்கள். தை-மாசி நடவை விட்டுவிடுங்கள். கடலோர மாவட்டங்களில் வைகாசிக் கடைசியில் நட்டால் புரட்டாசியில், ஐப்பசி அடைமழைக்கு முன்பே, தோண்டிவிடலாம். அங்கே ஆடியில் நட்டால் அறுவடை நேரத்தில் பாத்தி குளமாக இருக்கும். கொங்குப் பகுதி போல மழை குறைந்த உள்மாவட்டங்களில் ஆடியே சரி. இரண்டிலும் தை பிறக்கும்போது மண் காய்ந்திருக்கும், கொன்றைக்கு அதுதான் வேண்டும்.

இடம் ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் அடியை அளந்து பாருங்கள். சரக்கொன்றை 10-15 மீட்டர் வளரும், சுவரிலிருந்தும் கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் 4-5 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். அந்த அளவு இல்லாத வீட்டில் சர்க்கரைவள்ளிதான். மாடியில் 15 அங்குல ஆழமுள்ள வளர்ப்புப் பையில்கூட வரும், பைக்கு இரண்டு துண்டுக்கு மேல் நடாதீர்கள். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னொன்றையும் யோசியுங்கள். கொன்றையின் நீளக் கருங்காய்க்குள் இருக்கும் பசை கடும் பேதி மருந்து. காய் விழும் பருவத்தில் கூட்டி அள்ளிவிட வேண்டும்.

விதை முளைக்கவில்லை; முளைத்தது வேறு மரம்

கொன்றை விதையின் தோல் கல் போன்றது. அப்படியே புதைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும். கண் இருக்கும் முனைக்கு எதிர்ப்பக்கத்தில் உப்புத்தாளில் தேய்த்து, உள்ளே வெளிர் நிறம் தெரிந்ததும் நிறுத்தி, ஒரு இரவு தண்ணீரில் ஊறவையுங்கள். ஊதியவை முளைக்கும், ஊதாதவற்றை மறுபடி தேயுங்கள். முளைத்த கன்றைச் சின்னப் பையில் ஒரு வருடத்துக்கு மேல் வைத்தால் ஆணிவேர் சுருண்டுவிடும், அப்படிப்பட்ட மரம் பத்து வருடம் கழித்தும் காற்றில் சாயும். நடும்போது சுருண்ட வேரை வெட்டிவிடுங்கள். குழி 2 அடிக்கு 2 அடிக்கு 2 அடி. நடுவதற்கு முன் குழியில் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள், மறுநாளும் நின்றால் அந்த இடம் கொன்றைக்கு ஆகாது.

ஆறு வருடம் காத்திருந்து, பூ தொங்காமல் கிளை நுனியில் மேல்நோக்கிக் கொத்தாக நின்றால், உங்களிடம் இருப்பது மஞ்சக்கொன்றை. நாற்றங்காலில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும், கன்றில் குழம்புவது எளிது. வாங்கும்போதே இலையைப் பாருங்கள். சரக்கொன்றையின் சிற்றிலை பெரியது, விரல் நீளத்துக்கு மேல், ஒரு காம்பில் 4 முதல் 8 இணை. மஞ்சக்கொன்றையின் சிற்றிலை அதில் பாதிதான், இணைகள் அதிகம், நுனி மழுங்கியிருக்கும். காய்த்த தாய்மரத்தைக் காட்டச் சொல்லலாம். உருளையான காய் என்றால் சரக்கொன்றை, தட்டைக் காய் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்றங்காலுக்குப் போங்கள்.